எந்தக் கிராமம், எந்தத் தாலுகா, எந்த ஒன்றியம்? தமிழ்நாட்டில் முதல்முறை சான்றிதழுக்கு அலைபவர்களுக்கு

இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் கேட்கிற மூன்றாவது கேள்வியில் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறோம். "மாவட்டம்?" உடனே சொல்லிவிடலாம். "வட்டம்?" கொஞ்சம் யோசித்தால் வந்துவிடும். "வருவாய் கிராமம்?" அங்கேதான் நின்றுவிடும்.

நான் முதல்முறை போனபோது குடியிருக்கும் நகரின் பெயரைச் சொன்னேன், பட்டியலில் இல்லை. பஸ் ஸ்டாப்பின் பெயரைச் சொன்னேன், அதுவும் இல்லை. அந்தப் பெண் பொறுமையாகத் திரையை என் பக்கம் திருப்பினார், வரிசையாகப் பெயர்கள் ஓடின, ஒன்றுகூட நான் கேள்விப்பட்டதில்லை. பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "தம்பி, உங்க நகரெல்லாம் முன்னாடி கழனி. அது இந்தக் கிராமத்துல சேர்ந்தது" என்று விரலை வைத்துக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. பத்து வருடமாக ஒரு கிராமத்தில் குடியிருந்திருக்கிறேன், அதன் பெயர் தெரியாமலேயே.

அதற்கப்புறம் ஆளுக்கொரு அலுவலகம் சொல்லி அலையவிட்டதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக வீடு மாறியவர்கள், அப்பா பெயரில் இருக்கும் நிலத்தை முதல்முறை பார்க்கப் போகிறவர்கள், வெளிமாநிலத்திலிருந்து வந்து செட்டில் ஆனவர்கள், எல்லோருக்கும் இது உதவும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தூக்கிப் போடுங்கள்

பள்ளிக்கூடத்தில் நாடு, மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஒரே ஏணியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நிஜத்தில் ஒரே நிலத்தின் மேல் ஐந்தாறு ஏணி சாத்தி வைத்திருக்கிறது. நிலத்துக்கும் சான்றிதழுக்கும் வருவாய்த் துறையின் ஏணி. குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வரிக்கு உள்ளாட்சியின் ஏணி. பத்திரத்துக்குப் பதிவுத் துறையின் ஏணி. போலீசுக்கு ஒன்று, ஓட்டுக்கு ஒன்று, தபாலுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோடு வேறு. பெயர் மட்டும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கும், அதுதான் வம்பு. ஒரு தாலுகாவுக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கும் ஒரே பெயர் இருக்கும், ஆனால் அந்த ஒன்றியத்தின் சில ஊர்கள் பக்கத்துத் தாலுகாவில் கிடக்கும்.

ஆகவே "என் ஊர் எதில் வருகிறது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "இந்த வேலைக்கு என் ஊர் எதில் வருகிறது?" என்று கேளுங்கள்.

படி 1: வேலையைப் பிரியுங்கள்

வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், நில அளவை, இதெல்லாம் வருவாய்த் துறை. வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி, குப்பை, சாக்கடை, தெருவிளக்கு உள்ளாட்சி. கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று சார்பதிவாளர் அலுவலகம். ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறை, ஆனால் அது பெரும்பாலும் தாலுகாவை ஒட்டியே நடக்கும், வட்ட வழங்கல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார்.

பிறப்புச் சான்றில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த இடத்து எல்லையில்தான் பதிவு இருக்கும், நீங்கள் குடியிருக்கும் இடத்தில் இல்லை. மனைவியின் ஊர் நகராட்சியில் இருக்கிற மருத்துவமனையில் பிரசவம் என்றால் அந்த நகராட்சிதான். இறப்புக்கும் அதே கணக்கு. கிராம ஊராட்சிப் பகுதியில் பிறப்பு இறப்பைப் பதிவது ஊராட்சி அலுவலகம் இல்லை, கிராம நிர்வாக அலுவலர். உள்ளாட்சி வேலைபோலத் தோன்றுவதை வருவாய்த் துறைக்காரர் செய்கிறார், என்ன செய்வது, அப்படித்தான் இருக்கிறது.

படி 2: வருவாய் ஏணியை மனப்பாடம் பண்ணுங்கள்

இது ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். கீழிருந்து மேலே போவோம், ஏனென்றால் மனுவும் அப்படித்தான் போகிறது.

அடியில் வருவாய் கிராமம். இதைப் பார்த்துக்கொள்பவர் கிராம நிர்வாக அலுவலர், எல்லோரும் வி.ஏ.ஓ. என்றுதான் சொல்வார்கள். வயதானவர்கள் சிலர் இன்னும் மணியக்காரர், கர்ணம் என்பார்கள். பரம்பரையாக வந்த அந்தப் பழைய பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது, பிறகு தேர்வு எழுதி வருகிற வி.ஏ.ஓ. வந்தார். மாநிலம் முழுக்க 16 ஆயிரத்துக்கு மேல் வருவாய் கிராமங்கள் இருக்கின்றன. ஒரே வி.ஏ.ஓ. இரண்டு மூன்று கிராமத்துக்குக் கூடுதல் பொறுப்பு பார்ப்பதும் சாதாரணம், அதனால் எந்தக் கிழமை எந்தக் கிராமத்தில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

சில கிராமங்கள் சேர்ந்தால் ஒரு பிர்க்கா. அரசுத் தாளில் குறுவட்டம் என்று இருக்கும், சில இடங்களில் உள்வட்டம். அதற்கு வருவாய் ஆய்வாளர், பேச்சில் ஆர்.ஐ. சில பிர்க்காக்கள் சேர்ந்தால் வட்டம், அதாவது தாலுகா, அதற்கு வட்டாட்சியர், தாசில்தார். சில வட்டங்கள் சேர்ந்தால் வருவாய் கோட்டம், அதற்குக் கோட்டாட்சியர், ஆர்.டி.ஓ. இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி அந்த நாற்காலியில் இருந்தால் சார் ஆட்சியர் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மாவட்டம், ஆட்சியர். இப்போது 38 மாவட்டங்கள், கடைசியாகப் பிறந்தது மயிலாடுதுறை, 2020 டிசம்பரில்.

ஆர்.டி.ஓ. என்றதும் பலர் ஓட்டுநர் உரிமம் எடுக்கிற இடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், வேறு துறை, வேறு கட்டடம். ஆட்டோவில் ஏறி "ஆர்.டி.ஓ. ஆபீஸ்" என்றால் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுபோய் இறக்குவார்கள். கோட்டாட்சியர் அலுவலகம் என்று சொல்லுங்கள்.

வருமானச் சான்றுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படியேறும். சாதிச் சான்றில் கொஞ்சம் வித்தியாசம்: பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்குத் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர், ஆதிதிராவிடர்களுக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பழங்குடிச் சான்று மாதக்கணக்கில் இழுக்கிறது என்று கேட்பது இதனால்தான், கோப்பு ஒரு படி அதிகம் ஏறுகிறது, விசாரணையும் அதிகம். படிவத்தில் கிராமத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் உங்களைத் தெரியாத ஒரு வி.ஏ.ஓ.வின் திரையில் போய் விழும், அவர் "என் கிராமத்தில் இல்லை" என்று திருப்பி அனுப்புவார், நீங்கள் கட்டணத்தை மறுபடியும் கட்டுவீர்கள்.

படி 3: உங்கள் வருவாய் கிராமத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

சொந்த வீடு என்றால் பத்திரத்தை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் பதிவு மாவட்டம், சார்பதிவகம், வட்டம், பிறகு "நெ. இத்தனை, இன்ன கிராமம்" என்று வரும், அப்புறம் சர்வே எண், உட்பிரிவு, நாலு பக்கத்து எல்லை. அந்த கிராமம்தான் நீங்கள் தேடுவது. பெயருக்கு முன்னாலிருக்கும் எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே தாலுகாவில் ஒரே பெயரில் இரண்டு கிராமம் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஒரு பெரிய கிராமத்தைப் பகுதி 1, பகுதி 2 என்றோ, மேல், கீழ் என்றோ வெட்டி வைத்திருப்பார்கள், பட்டியலில் இரண்டும் தனித்தனியாக நிற்கும், அவசரத்தில் மேலே இருப்பதை அமுக்கிவிடுவோம்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் பட்டா நகல் கேளுங்கள். தரத் தயங்கினால் சர்வே எண் மட்டும் போதும் என்று சொல்லிப் பாருங்கள், தந்துவிடுவார். அதுவும் இல்லையென்றால் தெருக்கோடி மளிகைக்கடைக்காரரிடம் "நம்ம ஏரியாவுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் எது?" என்று கேளுங்கள். கூகுள் மேப்பை நம்பாதீர்கள், அதில் மனை போட்டவர்கள் வைத்த பெயர்தான் இருக்கும், சர்வே எல்லை இருக்காது.

பெயர் கிடைத்ததும் அரசின் பட்டா, சிட்டா இணையதளத்தில் சரிபாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் அ-பதிவேட்டு (கிராமத்தின் மூல நிலப் பதிவேடு) விவரம் வரும், நிலம் புஞ்சையா நஞ்சையா, நத்தம் என்கிற குடியிருப்பு நிலமா, புறம்போக்கா என்று அதிலேயே தெரியும். புலப்படம் என்கிற வரைபடத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். நகர நில அளவை முடிந்த இடங்களில் பழைய சர்வே எண் செல்லாது. வார்டு, பிளாக், நகர நில அளவை எண் என்று புதுக் கணக்கு. இந்த வார்டு கவுன்சிலர் ஜெயித்த வார்டு இல்லை, நிலக் கணக்குக்காகப் பிரித்த வேறு வார்டு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் பழைய எண்ணும் உங்கள் கையில் இருக்கும் பட்டாவில் புது எண்ணும் இருந்தால் பயப்பட வேண்டாம், இந்தப் பழைய எண்தான் இந்தப் புது எண் என்று காட்டும் பட்டியல் தாலுகா அலுவலகத்து நில அளவைப் பிரிவில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: உள்ளாட்சி எது என்று பாருங்கள்

வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள், முடிந்தது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி, இந்த நான்கில் ஒன்றுதான். 1992-இல் வந்த 73-ஆவது, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு கிராமத்துக்கு ஒரு வரிசை, நகரத்துக்கு ஒரு வரிசை என்று நிலைத்துவிட்டது. கிராமத்தில் மூன்று அடுக்கு: கிராம ஊராட்சி, அதற்கு மேல் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் மாவட்ட ஊராட்சி. ஊராட்சிகள் சுமார் 12,500, ஒன்றியங்கள் 388. நகரத்தில் அடுக்கு கிடையாது, ஒரே அமைப்புதான்.

வருவாய் கிராமம் 16 ஆயிரத்துக்கு மேல், ஊராட்சி 12,500 தான் என்பதைக் கவனித்தீர்களா? இரண்டும் ஒன்றில்லை என்பது இந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமம் இருக்கலாம், ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிக்குள் பிரிந்தும் கிடக்கலாம், ஒரு கிராமத்துக்கு உட்கடையாகப் பத்துக் குக்கிராமங்களும் இருக்கும். நாம் "எங்க ஊர்" என்று சொல்வது பெரும்பாலும் அந்தக் குக்கிராமத்தை. அதற்கு அரசு ஏட்டில் தனி அந்தஸ்து ஒன்றும் இல்லை, மனசுக்குள் இருப்பதோடு சரி.

யாரைப் பார்ப்பது? ஊராட்சியில் அன்றாட வேலைக்கு ஊராட்சிச் செயலர், அதற்கு மேல் வட்டார வளர்ச்சி அலுவலர், பி.டி.ஓ. பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சியிலும் மாநகராட்சியிலும் ஆணையர். வட்டாட்சியர் என்பதும் வட்டார வளர்ச்சி அலுவலர் என்பதும் காதில் ஒன்றுபோல விழும். ஒருவர் தாலுகா, இன்னொருவர் ஒன்றியம். நான் வருமானச் சான்றுக்கு ஒன்றிய அலுவலகத்தில் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன், சாப்பாட்டு நேரத்தில்தான் ஒரு ஊழியர் "இது இங்க இல்லைங்க, தாலுகா ஆபீஸ்" என்றார். போர்டில் இருந்த "வட்டார" என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்தது என் தப்புதான், ஆனால் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

உங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைத்துவிட்டால் என்ன ஆகும்? வரி ரசீது மாறும், கதவிலக்கம் மாறும், நூறு நாள் வேலை போகும், கிராம சபை இருக்காது. ஆனால் வருவாய் கிராமம் அப்படியே இருக்கும். வி.ஏ.ஓ.வும் அவரேதான். "நாங்கதான் நகராட்சி ஆயிட்டோமே" என்று படிவத்தில் கிராமத்தை விட்டுவிடக் கூடாது.

இந்த இரண்டு ஏணியும் எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர் எல்லாம் உள்ளே வந்தன. ஆனால் மாவட்ட எல்லையை 2018-இல்தான் அதற்கு ஏற்றபடி விரித்தார்கள். நடுவில் ஏழு வருடம் அம்பத்தூர்க்காரர் வரி கட்டியது சென்னை மாநகராட்சிக்கு, அவருடைய ஆட்சியர் இருந்தது திருவள்ளூரில்.

படி 5: சார்பதிவகம் தனி உலகம்

சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லை தாலுகா எல்லையோடு பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு தாலுகாவுக்குள் இரண்டு மூன்று சார்பதிவகம் இருக்கும், பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் வேறுவேறாக இருக்கும். வில்லங்கம் போடும்போது இதுதான் முக்கியம்: உங்கள் கிராமம் இருபது வருடத்துக்கு முன் வேறு சார்பதிவகத்தில் இருந்திருந்தால் பழைய பதிவுகள் அங்கேதான் இருக்கும். இப்போதைய அலுவலகத்தில் மட்டும் போட்டுப் பார்த்து "வில்லங்கம் இல்லை" என்று நிம்மதியாக முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கிராமம் எப்போது இங்கே மாறியது என்று கேட்டு, அதற்கு முந்தின காலத்துக்குப் பழைய அலுவலகத்தின் பெயரில் தனியாகப் போடுங்கள்.

படி 6: பழைய தாளில் இருக்கும் பெயர்கள்

நான் அதிகம் ரசிக்கும் பகுதி இது, அதனால் கொஞ்சம் நீளும்.

பீரோவிலிருந்து எடுத்த பத்திரத்தில் "பெரியார் மாவட்டம்" என்றிருந்தால் அது ஈரோடு. காமராஜர் மாவட்டம் விருதுநகர். சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை, நெல்லை கட்டபொம்மன் திருநெல்வேலி, தென்னாற்காடு வள்ளலார் கடலூர். தலைவர்கள் பெயரில் இருந்த மாவட்டங்களும் போக்குவரத்துக் கழகங்களும் 1997-இல் ஊர்ப் பெயருக்குத் திரும்பின, தென்மாவட்டங்களில் ஒரு கழகத்துக்குப் பெயர் வைத்ததில் மூண்ட சாதி மோதலுக்குப் பிறகு. ஆகவே அந்தப் பெயர்கள் இருக்கும் தாள் 97-க்கு முந்தியது என்று பார்த்ததும் சொல்லிவிடலாம், தேதி அழிந்து போயிருந்தாலும்.

அரக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1980-இல் வாங்கிய மனைப் பத்திரத்தில் வடஆற்காடு மாவட்டம் என்றிருக்கும். 1989-இல் அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்து அரக்கோணம் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்துக்குப் போனது. பிறகு அதே மாவட்டம் வேலூர் ஆனது. 2019-இல் வேலூரை மூன்றாக்கியதில் அரக்கோணம் ராணிப்பேட்டைக்கு வந்தது. ஒரே மனை, ஒரே வேலி, நாலு மாவட்டம். மனைக்காரர் திண்ணையை விட்டு நகரவே இல்லை.

பத்திரத்தில் ஒரு மாவட்டம், ஆதாரில் ஒரு மாவட்டம், ரேஷன் கார்டில் இன்னொன்று என்று இருப்பதால் மட்டும் எதுவும் செல்லாமல் போகாது. கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் ஒத்துப்போனால் போதும். புது விண்ணப்பத்தில் இன்றைய மாவட்டத்தைப் போடுங்கள், யாராவது கேட்டால் பிரிவினை நடந்த வருடத்தைச் சொல்லுங்கள். வங்கியில் கடன் கேட்கும்போதுதான் இது பெரிதாகும், அவர்களின் வழக்கறிஞர் ஒவ்வொரு தாளிலும் ஒரே பெயரை எதிர்பார்ப்பார். இன்ன கிராமம் முன்பு இன்ன மாவட்டத்தில் இருந்தது என்று தாசில்தாரிடம் ஒரு கடிதம் கேட்டு மனு கொடுத்துப் பாருங்கள்.

படி 7: மிச்சமிருக்கும் எல்லைகள், சட்டென்று

சட்டமன்றத் தொகுதி 234, மக்களவைத் தொகுதி 39. இவை மாவட்டத்தைச் சட்டை செய்யாது. அதே அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்குள் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியும் வேலூர் மாவட்டத்துக் காட்பாடியும் இருக்கின்றன. எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்க மட்டும் தொகுதி தெரிந்தால் போதும், வாக்காளர் அட்டையைப் பாருங்கள்.

போலீசுக்குச் சரகம். காவல் ஆணையரகம் இருக்கும் நகரங்களில் அது மாவட்ட எல்லையைத் தாண்டியும் ஓடும். "இது எங்க ஸ்டேஷன் லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பினால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்துக்கு, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், அதைப் பதிய வேண்டும். நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பின்கோடு தபால்காரரின் வசதிக்கு, வேறு எதற்கும் ஆதாரமில்லை. 631 என்று தொடங்கும் எண் அரக்கோணத்துக்கும் உண்டு, காஞ்சிபுரத்துக்கும் உண்டு. இணையப் படிவத்தில் பின்கோடு போட்டதும் மாவட்டம் தானாக நிரம்பினால் அதை ஒருமுறை பார்த்துத் திருத்துங்கள், நிறைய இடத்தில் பிரிவினைக்கு முந்தின மாவட்டம் வந்து உட்காரும்.

எல்லையில் மாட்டிக்கொண்டால்

சில வீடுகள் இரண்டு கிராமத்து எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கும். இந்த வி.ஏ.ஓ. அங்கே போ என்பார், அவர் இங்கே போ என்பார். அப்போது வாயால் வாதாடிப் பயனில்லை. சர்வே எண்ணுக்கான அ-பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு தாசில்தாருக்கு எழுத்தில் மனு கொடுத்து, மனு எண் வாங்குங்கள். நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்கே போங்கள்.

இதைவிட நல்ல இடம் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் வருடாந்தரத் தணிக்கை. வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஜூலை 1-இல் தொடங்கும், கிறிஸ்தவ ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் வருகிற எண், அதாவது 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. அந்த ஆண்டு முடிவதற்கு முன்னால், பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில், ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் கிராமக் கணக்குகளை மேலதிகாரி ஒருவர் உட்கார்ந்து தணிக்கை செய்வார், பிர்க்கா வாரியாக நாள் குறித்து. உங்கள் பிர்க்காவின் நாளில் சுற்றியுள்ள அத்தனை வி.ஏ.ஓ.க்களும் ஆர்.ஐ.யும் சர்வேயரும் ஏடுகளோடு ஒரே பந்தலில் இருப்பார்கள். "அங்கே போங்க" என்று கைகாட்ட அன்று வேறு இடமே இருக்காது. எந்த நாள் என்று தாலுகா அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம் நெருக்கும்.